மறு அறிவிப்பு வரும் வரை சிங்கப்பூர்

2020 ஏப்ரல் தொடங்கி, திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்கு மாதாமாதம் ஒரு அறிவிப்பு தவறாமல் வந்தது. 'இந்த மாதப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வர பக்தர்களுக்குத் தடை.' எங்கள் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக இன்னொன்று. 'பன்னாட்டுப் பயணிகள் விமானங்களுக்கான தடை இந்த மாதக் கடைசி வரை நீட்டிக்கப்படுகிறது.' முதலாவதைச் சொன்னது மாவட்ட நிர்வாகம். இரண்டாவதைச் சொன்னது டெல்லியில் இருக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அது 14 கிலோமீட்டர் நடக்கக்கூடாது என்றது. இது சென்னையிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் பறக்கக்கூடாது என்றது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் என் அம்மா.

காரணம் என் தங்கை. கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனவள், "அம்மாவ ஒரு தடவ கூட்டிக்கினு வாண்ணா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள். 2020 புத்தாண்டுக்கு ஒரு விமான நிறுவனம் சலுகைக் கட்டணம் அறிவிக்க, மே முதல் வாரத்துக்கு நாலு டிக்கெட் போட்டோம். நான், மனைவி, மகள், அம்மா. மே 4-ம் தேதி கத்திரி ஆரம்பம். அதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று ஏற்பாடு. "கத்திரி வெயிலுக்குப் பயந்து பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல போற ஒரே குடும்பம் நாமதாம்பா" என்றாள் மகள். சமூக அறிவியலில் அவளுக்கு மார்க் அதிகம்.

நான் பே கோபுரத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். சாதிச் சான்றிதழிலிருந்து பட்டா மாறுதல் வரை என் கையால் போகாத படிவம் கிடையாது. ஆகவே வெளிநாட்டுப் பயணத்துக்கு என்ன தாள் கேட்டாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பு இருந்தது. தாள் கேட்பவர்களுக்கும் என்னைப் பார்த்து ஒரு தெம்பு வந்திருக்க வேண்டும்.

மார்ச் 22 ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. அதை ஒட்டியே பன்னாட்டு விமானங்கள் நின்றன. 25-ம் தேதி நாடே நின்றது. ஏப்ரல் 7-ம் தேதி சிங்கப்பூரும் தன் பங்குக்குக் கதவைச் சாத்தியது. 'சர்க்யூட் பிரேக்கர்' என்று அவர்கள் வைத்த பெயரைக் கேட்டு, மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் எதிர்வீட்டுக்காரர் மட்டும் அந்த வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

வானத்தில் போவதை விடுங்கள், தரையில் செஞ்சிக்குப் போவதற்கே ஒரு கட்டத்தில் இ-பாஸ் வேண்டியிருந்தது. செஞ்சி எங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அது விழுப்புரம் மாவட்டம். திருமணமா, மருத்துவமா, இறப்பா என்று கேட்கும் அந்த விண்ணப்பத்தை ஊருக்கெல்லாம் நான்தான் நிரப்பினேன். 'மாமியார் கோபித்துக்கொள்வார்' என்பதற்குக் கட்டம் இல்லாமல் பலர் ஏமாந்து திரும்பினார்கள். 2020 செப்டம்பர் 1-ம் தேதி மாநிலத்துக்குள் இ-பாஸ் ரத்தானபோது என் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. நாட்டுக்கு நல்லதென்று தேற்றிக்கொண்டேன்.

டிக்கெட் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது 'கிரெடிட் ஷெல்' ஆயிற்று. அதாவது பணம் உங்களுடையது, இருப்பது அவர்களிடம். இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபர் 1-ம் தேதி தீர்ப்பு வந்தது. பணத்தை உடனே திருப்பித்தர முடியாத நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை செல்லும்படி அந்தத் தொகையை வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜூன் 2020 வரை மாதத்துக்கு அரை சதவீதமும், அதற்குப் பிறகு முக்கால் சதவீதமும் சேர்த்துத் தரவேண்டும். முக்கால் சதவீதம் என்றால் வருடத்துக்கு 9. அப்போது எந்தப் பெரிய வங்கியும் வைப்புத்தொகைக்கு அவ்வளவு தரவில்லை. இதை நான் வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டேன்.

"அப்ப இன்னும் ரெண்டு டிக்கெட்டு வாங்கிப் போடுடா" என்றார் அம்மா.

இதில் வேடிக்கை, அந்த வரவு செல்லுபடியாகும் கடைசி நாள் 2021 மார்ச் 31. வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியது 2022 மார்ச் 27. பறக்காத விமானத்துக்கு வாங்கிய டிக்கெட், பறக்காத காலத்திலேயே வட்டியும் ஈட்டி, பறக்காத காலத்திலேயே காலாவதியும் ஆனது. பணம் கடைசியில் வந்துசேர்ந்தது. எப்போது வந்தது என்பதை விமான நிறுவனத்தின் பெயரைப் போலவே நான் வெளியிடுவதாக இல்லை.

நாங்கள் போக முடியாமல் தவித்த அதே நாட்களில், எங்கள் ஊருக்கு வந்தவர்கள் திரும்ப முடியாமல் தவித்தார்கள். ரமணாசிரமத்தைச் சுற்றி எப்போதும் வெளிநாட்டார் நடமாட்டம் உண்டு. செங்கம் சாலை டீக்கடைகளில் நம்மைவிட நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து லெமன் டீ குடிப்பார்கள். மௌனத்தையும் தனிமையையும் தேடி வந்தவர்கள்; மார்ச் 25-க்குப் பிறகு அரசாங்கமே இரண்டையும் இலவசமாகக் கொடுத்தது. சில வாரங்களில் தூதரகங்களின் சிறப்பு விமானங்களில் பலர் கிளம்பினார்கள். ஏப்ரல் மாதம், தங்க இடம் கிடைக்காத ஒரு சீனப் பயணி மலைக் குகையில் தங்கியிருந்ததைக் கண்டுபிடித்துப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார்கள், தொற்று இல்லை. ரமண மகரிஷியே விரூபாட்ச குகையில் பல வருடம் இருந்தவர், அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை என்று எங்கள் தெருவில் இரண்டு நாள் விவாதம் நடந்தது.

இப்படி மாதங்கள் ஓடின. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் டி.ஜி.சி.ஏ.வின் சுற்றறிக்கை வரும். அதில் ஒரு வாசகம் மாறாமல் இருக்கும்: இந்தத் தடை சரக்கு விமானங்களுக்குப் பொருந்தாது. நான் படித்துக் காட்டியதும் அம்மா ஒருநாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப என்ன சரக்குன்னு எழுதிப் போட்டு அனுப்பிடேன். உன் தங்கச்சி எறக்கிக்கமாட்டாளா?"

உலகத்தில் எங்களைவிடப் பாவப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது ஒரு ஆறுதல். ஹாங்காங்கும் சிங்கப்பூரும் தங்களுக்குள் பயணக் குமிழி ஒன்று ஏற்படுத்தி 2020 நவம்பர் 22-ல் விமானம் விடுவதாக அறிவித்தன. முந்தின நாள் தள்ளிவைத்தார்கள். 2021 மே 26 என்று மறுதேதி குறித்தார்கள். அதையும் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்டில் திட்டத்தையே கைவிட்டார்கள். குமிழி என்று பெயர் வைத்தவரைத்தான் கேட்கவேண்டும்.

அம்மாவுக்கு விமானத்தைவிடப் பௌர்ணமிதான் பெரிய குறை. ஊரடங்கு தளர்ந்த பிறகும் பௌர்ணமிக்கு மட்டும் பாதையில் தடுப்பு வைத்துவிடுவார்கள். ஆகவே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடப்பார். மலை ஒரு பக்கம்தானே இருக்கிறது, நீ மலையைச் சுற்றவில்லையே என்று மகள் கேட்டாள். "அது என்னப் பாத்துக்கினு இருக்குதில்ல, போதும்" என்றார்.

2021 நவம்பரில்தான் வெளிச்சம் தெரிந்தது. தீபத்தைச் சொல்லவில்லை. அந்த வருடம் கார்த்திகை தீபம் 19-ம் தேதி. கட்டுப்பாடு, மழை இரண்டுக்கும் நடுவில் 2,668 அடி உயரத்தில் ஏற்றினார்கள், நாங்கள் மாடியிலிருந்து கும்பிட்டோம். நான் சொல்வது அந்த வாரத்தில் வந்த வேறொரு செய்தி. நவம்பர் 29 முதல் தடுப்பூசி போட்ட இந்தியர்கள் தனிப் பாதையில் சிங்கப்பூர் வரலாம். வி.டி.எல். என்று பெயர். சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து தினம் ஆறு விமானம். தங்கச்சி வீட்டுக்காரர் இரவு பதினொரு மணிக்குப் போன் பண்ணினார்.

"மச்சான், லைன் திறந்துட்டாங்க. பொங்கலுக்கு வந்துடுங்க. கொஞ்சம் தாள்தான் வேணும்."

மாப்பிள்ளை அனுப்பிய பட்டியல் வாட்ஸ்அப்பில் இறங்கி முடியவே நேரம் ஆனது. முதலில் வி.டி.பி. என்ற அனுமதி. அது வந்த பிறகுதான் விசாவுக்குப் படிவம் 14ஏ. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் எடுத்த பரிசோதனை முடிவு. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் மறுபடி ஒன்று, அதற்கு முன்பணம். கொரோனா வந்தால் வைத்தியச் செலவுக்கு 30,000 சிங்கப்பூர் டாலர் வரை தாங்கும் காப்பீடு. போனில் டிரேஸ்டுகெதர் செயலி. இவை அத்தனையிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒரு எழுத்து பிசகாமல் இருக்கவேண்டும்.

பெயர். இங்கேதான் நாங்கள் சில வாரங்கள் குடியிருந்தோம்.

அம்மா இன்றுவரை அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. அந்தத் தலைமுறையில் இதென்ன அதிசயம் என்பீர்கள். அதிசயம் என்னவென்றால், அப்பாவின் பெயரும் மலையின் பெயரும் ஒன்று. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, மாதம் தவறாமல் மலையைச் சுற்றுகிறவர் அந்த மலையின் பெயரைச் சொல்லமாட்டார். கூட்டத்தில் எல்லாரும் கோஷம் போடும்போது முதல் பாதிக்கு வாயை மூடிக்கொண்டு, பின்பாதிக்கு மட்டும் சேர்ந்துகொண்டு 'அரோகரா' என்பார். வேலூரிலிருந்து பஸ் ஏறினால் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லமுடியாது. அதற்குள்ளும் அப்பா உட்கார்ந்திருக்கிறார். "எங்க ஊருக்கு ஒண்ணு குடுப்பா" என்பார். எது உங்க ஊர் என்று கேட்டால், "தீபம் ஏத்துவாங்களே" என்பார்.

பாஸ்போர்ட்டில் அம்மாவின் பெயர் முதல் கட்டத்திலும், அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் முழுதாக இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் ஆதாரைப் பார்த்துப் பதிவானது. அதில் இனிஷியல் ஒரே எழுத்து, அதுவும் முன்னால். நமக்கு இரண்டும் ஒரே ஆள். கியூஆர் கோடைப் படிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு வேறு பெண்மணிகள். ஒருவரிடம் தடுப்பூசி இருக்கிறது, மற்றவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு இந்த இரட்டைப் பிறவி உண்டு. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது, வடநாட்டுக்காரனுக்கு இருக்கிறது. நமக்கு ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். உலகத்துப் படிவங்கள் அத்தனையும் நம்மைக் கேட்காமல் தயாரானவை என்பது என் நெடுநாள் தொழில் அனுபவம்.

ஒரு உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழ் பேசும் ஒரு பெண் கிடைத்தது. விண்ணப்பதாரரிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று அந்தப் பெண் சொல்ல, போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"உங்க சர்நேம் சொல்லுங்கம்மா."

"அப்படின்னா?"

"உங்க வீட்டுக்காரர் பேருங்கம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். விண்ணப்பதாரர்தான் சொல்லவேண்டும் என்றது போன். அம்மா ஜன்னலுக்கு வெளியே மலையைக் கையால் காட்டினார். போனில் கை தெரியாது என்பது சற்றுக் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

"கண்ணு, எங்க ஊரு பேரு உன் கம்பூட்டர்ல வந்திருக்குதா?"

"வந்திருக்கும்மா."

"அதுல 'திரு'வ மட்டும் எடுத்துடு."

எதிர்முனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "புரிஞ்சுதும்மா. எங்க பாட்டியும் இப்படித்தான்" என்றது குரல். மொத்த கொரோனாக் காலத்திலும் ஒரு உதவி எண் நிஜமாகவே உதவியது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது பிறந்த தேதி. 2021 செப்டம்பர் கடைசியிலிருந்து, வெளிநாடு போகிறவர்களுக்கென்று பிறந்த தேதி முழுதாக அச்சாகும் சான்றிதழைக் கோவின் தளத்தில் எடுக்கலாம். அம்மாவின் ஆதாரில் வருடம் மட்டும். பாஸ்போர்ட்டில் இருப்பது அஞ்சாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள ஜூன் தேதி. அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள் ஊர்க் குழந்தைகள் அத்தனை பேரையும் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனிலேயே பிறக்கவைத்தார்கள். அம்மாவின் கணக்கில் அவர் பிறந்தது ஆடியில், மாரியம்மன் கூழ் ஊற்றிய அன்றைக்கு. அதை வருடம்-மாதம்-தேதி என்று எழுதும் வழி எந்த இணையதளத்திலும் இல்லாததால் ஜூனே நிலைத்தது.

திருத்தம் செய்ய ஓ.டி.பி. வேண்டும். அம்மா முதல் ஊசி போட்டுக்கொண்டது பக்கத்து வீட்டு அக்காவோடு போய். முகாமில் அந்த அக்கா தன் போன் நம்பரையே கொடுத்திருந்தார். ஓ.டி.பி. போகுமிடம் அவர் போன். அதற்கு ஆயுள் 180 விநாடி. நான் கடையில் கம்ப்யூட்டர் முன்னால், மனைவி கடை வாசலில், மகள் தெருமுனையில், அக்கா மாவு மில்லில், அக்காவின் போன் வீட்டில் சார்ஜில், அவர் பையன் பொறுப்பில். நான் பொத்தானை அமுக்கியதும் மனைவி கையைத் தூக்க, மகள் கத்த, பையன் எண்களை ஒப்பிக்க, அது அதே வழியில் கடைக்கு வந்துசேர்ந்தது. நாலு எண். "ஆறு இருக்கணுமே" என்றேன். கேள்வி திரும்பிப் போனது. அவன் படித்தது கேஸ் சிலிண்டருக்கு வந்த எண். இதற்குள் 180 விநாடி முடிந்தது. அந்த நேரத்தில் கேஸ்காரரும் சிலிண்டரோடு வந்து நின்றது தனிக் கதை. அக்காவை மாவோடு ஆட்டோவில் வரவழைத்து, போனைக் கடைக்கே கொண்டுவந்த பிறகுதான் அம்மாவும் அம்மாவும் ஒரே ஆள் ஆனார்கள். சான்றிதழைக் கலரில் எடுத்து, கடைச் செலவில் லேமினேட் செய்தேன்.

இனி தேதி குறிக்கவேண்டும். என் வீட்டில் தேதி குறிப்பது டி.ஜி.சி.ஏ. அல்ல, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்.

"சிங்கப்பூரு எந்தத் திசைடா?"

"தென்கிழக்கும்மா."

"மெட்ராசு?"

"வடகிழக்கு."

அம்மா கணக்குப் போட்டார். திங்கள், சனி கிழக்கே சூலம், இரண்டுக்கும் ஆகாது. செவ்வாய், புதன் வடக்கே சூலம், மெட்ராசுக்கு ஆகாது. வியாழன் தெற்கே சூலம், சிங்கப்பூருக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் லட்சுமி போய்விடுவாள். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. காலண்டரிலேயே பரிகாரம் போட்டிருக்கிறதே, கிழக்கே போனால் தயிர், வடக்கே போனால் பால், சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றாள் என் மனைவி. "தயிரு செஞ்சிக்குப் போறதுக்கு. கடலத் தாண்டறதுக்கு இல்ல" என்று தள்ளுபடி செய்தார்.

படித்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நியாயமாகப் பார்த்தால், சூலம் எந்தக் கிழமை எந்தத் திசை என்பது என் தாத்தா காலத்திலிருந்து மாறவில்லை. தடை இருந்தால் பக்கத்திலேயே பரிகாரமும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் வந்த எந்தச் சுற்றறிக்கையிலும் இந்த இரண்டு நல்ல குணமும் இல்லை.

உதாரணம் வேண்டுமா? 2021 நவம்பர் 26-ம் தேதி மத்திய அரசு, டிசம்பர் 15 முதல் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் பறக்கும் என்று அறிவித்தது. அதே நவம்பர் 26-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் புதிய வைரஸ் வகைக்கு ஒமிக்ரான் என்று பெயர் சூட்டியது. கிரேக்க எழுத்து வரிசையில் நடுவில் இரண்டைத் தாண்டி ஒமிக்ரானுக்குப் போய்விட்டார்கள். "டபுள் பிரமோஷன்பா" என்றாள் மகள். டிசம்பர் 1-ம் தேதி, 15-ம் தேதித் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. எப்போதுவரை? மறு அறிவிப்பு வரும் வரை.

வி.டி.எல். தனிப் பாதை, அதற்கு இந்தத் தள்ளிவைப்பு பொருந்தாது என்று மாப்பிள்ளை தைரியம் சொன்னார். அடுத்த போனில் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்தியாவின் அபாய நாடுகள் பட்டியலில் சிங்கப்பூரையும் சேர்த்திருக்கிறார்கள். போய்விட்டுத் திரும்பினால் சென்னையில் பரிசோதனை, ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் இன்னொரு பரிசோதனை. "வூட்லயே குந்திக்கினு இருக்கிறதுக்கு எதுக்குடா சிங்கப்பூரு போய்ட்டு வரணும்?" என்றார் அம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை. சில நாளில் சிங்கப்பூரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

அதற்கடுத்த போனில் மகளைப் பற்றிய விஷயம். அவளுக்கு வயது 14. சிங்கப்பூர் கணக்கில் 12 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி கட்டாயம். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் அப்போது தடுப்பூசி கிடையாது. விமான நிறுவனங்களுக்கோ 12 வயது ஆனாலே பெரியவர் கட்டணம். அதாவது டிக்கெட் வாங்கும்போது பெரியவள், ஊசி போடப் போனால் சின்னவள், சாங்கியில் இறங்கினால் மறுபடி பெரியவள். "அப்பா, நான் பறந்துக்கினு இருக்கும்போது என்ன வயசு?" என்று கேட்டாள். அவளைப் போளூரில் அவள் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். "ஏங்க, நீங்க வேணா போளூருக்குப் போய் இருங்க" என்றாள் மனைவி. யோசனை நிராகரிக்கப்பட்டது.

டிசம்பர் 25-ம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு ஜனவரி 3 முதல் தடுப்பூசி என்றார். 2007-ல் பிறந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். மகள் 2007. வீட்டில் கேசரி கிளறினோம். கிளறும்போதுதான் நினைவு வந்தது: மூன்று நாளைக்கு முன்னால், 22-ம் தேதியே சிங்கப்பூர் ஒரு அறிவிப்பு செய்திருந்தது. டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை வி.டி.எல். டிக்கெட் விற்பனை நிறுத்தம். ஊசி உண்டு, டிக்கெட் இல்லை. கேசரியை என்ன செய்வது, சாப்பிட்டோம்.

அப்புறம் வந்தது ஜனவரி. தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கு. வெள்ளி, சனி, ஞாயிறு கோயில்கள் மூடல். 9, 16, 23 ஆகிய தேதிகளில் ஞாயிறு முழு ஊரடங்கு. செய்தியைப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். ஏழு கிழமையில் ஆறைச் சூலமும் லட்சுமியும் எடுத்துக்கொள்ள, மிச்சமிருந்த ஒரே ஒரு கிழமையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. விமானம் ஏறப் போகிறவர்கள் டிக்கெட்டைக் காட்டினால் ஞாயிற்றுக்கிழமையும் போகலாம் என்று விலக்கு இருந்தது உண்மை. அந்த டிக்கெட்டைத்தான் விற்க மாட்டேன் என்கிறார்களே. பொங்கலுக்குத் தங்கை வீடியோவில் வந்து, பால் பொங்குவதைக் காட்டினாள். நாங்களும் காட்டினோம். அவள் குக்கரிலும் பொங்கத்தான் செய்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மார்ச் 27-ம் தேதி வழக்கமான விமானங்கள். ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் தனிப் பாதையும் இல்லை, வி.டி.பி.யும் இல்லை. ஏப்ரல் நடுவில் சித்ரா பௌர்ணமிக்கு எங்கள் ஊர் பழையபடி திணறியது. அம்மா அஷ்ட லிங்கத்தையும் கும்பிட்டு, இடுக்குப் பிள்ளையாரிடம் மட்டும் முட்டியைக் காரணம் காட்டி விடுமுறை பெற்று, விடிகாலை வீடு வந்தார். ஏப்ரல் 26 முதல், தடுப்பூசி போட்டவர்களுக்குக் கிளம்புமுன் பரிசோதனையும் வேண்டாமென்று சிங்கப்பூர் சொல்லிவிட்டது. நான் சேர்த்துவைத்த கோப்பு அதற்குள் நாலு அங்குல உயரம். அதில் இருந்த தாள்களில் முக்கால்வாசி, கேட்க ஆளில்லாமல் அனாதையாயின.

மகளின் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, மே கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சென்னை விமான நிலையத்தில் கோப்பை எடுத்து மேசையில் வைத்தேன். அந்த இளைஞர் அதைத் தொடவே இல்லை. பாஸ்போர்ட், விசா, தடுப்பூசிச் சான்றிதழ், போதும் என்றார். காப்பீடு இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்றார். லேமினேட் செய்தது என்றேன். பின்னால் வரிசை நிற்கிறது என்றார்.

சாங்கியில் குடிநுழைவு அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டைத் திறந்து, குடும்பப் பெயரைப் படித்து, 'மேடம்' சேர்த்து உரக்கக் கூப்பிட்டார். அம்மா முதலில் திரும்பிப் பின்னால் பார்த்தார். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டே முன்னால் போனார். சிங்கப்பூர் எப்படி இருந்தது என்றால், நன்றாக இருந்தது. சுத்தம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் நல்ல காபியும் பக்கத்தில் பக்கத்தில். வெயில் நம் ஊரைவிடக் குறைவு, புழுக்கம் அதிகம். இரண்டு வருடம் திட்டம் போட்ட ஊரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. திட்டம் போட்டதைப் பற்றித்தான் இன்னும் பாக்கி இருக்கிறது. திரும்பி வரும்போது ஏர் சுவிதா என்று ஒரு படிவம் நிரப்பினோம். அதையும் 2022 நவம்பர் 22-ல் எடுத்துவிட்டார்கள்.

இப்போது சிங்கப்பூர் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விசாவைத் தவிர நீங்கள் நிரப்பவேண்டியது எஸ்.ஜி. அரைவல் கார்டு என்கிற ஒரே ஒரு இணையப் படிவம். போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்துடையது அல்ல. நிரப்பத் தெரியவில்லை என்றால் பே கோபுரத் தெருவுக்கு வாருங்கள். படிவம் இலவசம்தான், பிரிண்ட் அவுட் மட்டும் பத்து ரூபாய்.